உறைபனிக்கு அடியில இருக்கற கல்லறையைத் தேட மல்லசந்திரத்துல கண்ணைப் பழக்குங்க

ரஷ்யா, மங்கோலியா எல்லைப் பக்கம் இருக்கற அல்தாய் மலையில குர்கான்னு கல்லைக் குவிச்சு வெச்ச பழைய கல்லறைங்க நிறைய இருக்கு, சிலதுக்கு அடியில மண்ணு உறைஞ்சே கிடக்கறதால 2000 வருஷத்துக்கு மேல ஆகியும் குதிரை, கம்பளி, பச்சை குத்தின தோல் கூட அழியல. இப்ப சூடு ஏறி அந்த உறைபனி இளகுது, முழுசா இளகறதுக்கு முன்னாடி எந்தக் கல்லறை எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கணும். சாட்டிலைட் படம் அதுக்குத்தான்.

நம்ம கிருஷ்ணகிரி ஆளுங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. மல்லசந்திரம் போங்க, அங்க பழங்காலத்துல பெரிய பலகைக் கல்லால கட்டின ஈமச்சின்னமான கல்திட்டையையும் சுத்தி இருக்கற கல்வட்டத்தையும் நேர்ல பாருங்க, காலடி வெச்சு அகலத்தை அளந்து போன்ல லொகேஷன் சேவ் பண்ணிட்டு வந்து அதே இடத்தை கூகுள் எர்த் ப்ரோல திறந்து பழைய தேதி படங்களை ஒண்ணொண்ணா தள்ளிப் பாருங்க. நிழல் நீளமா விழுந்த படத்துல தெரியற கல்லு வெயில் உச்சியில எடுத்த படத்துல காணாமலே போயிடும், இது கண்ணுல பதியற வரைக்கும் அல்தாய் பக்கம் போகாதீங்க.

அப்புறம் அல்தாய்ல இந்தக் கல்லறைங்க இருக்கற உகோக் பீடபூமி. நிறைய பேர் நேரா ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் படத்தை எடுத்துடறாங்க, அதுல ஒரு புள்ளி (பிக்சல்) தரையில 10 மீட்டர், 15 மீட்டர் கல்மேடு ஒண்ணு ரெண்டு புள்ளியில முடிஞ்சிடும். அதை பனி எப்ப விலகுதுன்னு பாக்க மட்டும் வெச்சுக்கங்க. மேட்டைத் தேட கூகுள் எர்த்தும், 1995ல வெளிய விட்ட அமெரிக்காவோட கொரோனா உளவு சாட்டிலைட் படமும்தான், 1960கள்ல நிலம் எப்படி இருந்துச்சுன்னு அதுல அப்படியே இருக்கு. அமெரிக்க நிலவியல் துறையோட (யூஎஸ்ஜிஎஸ்) எர்த்எக்ஸ்ப்ளோரர் வெப்சைட்ல எடுத்து கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல நிலத்தோட பொருத்திக்கங்க, படம் ஓரத்துல ரொம்ப இழுத்துக்கும், அதனால சின்னச் சின்னத் துண்டா பொருத்தறது நல்லது.

ஒவ்வொரு மேட்டுக்கும் விட்டம், உயரம், சரிவு எந்தப் பக்கம்னு எழுதுங்க. வடக்கு பாத்த சரிவுல வெயில் கம்மி, உறைபனி தங்க வாய்ப்பு அதிகம். லொகேஷனை மட்டும் பொதுவுல போடாதீங்க, தோண்டித் திருடறவனுக்கு வழி காட்டின மாதிரி ஆயிடும்.

நடுவுல குழி தெரிஞ்சா கொள்ளை போனதுன்னு ஒதுக்கிடாதீங்க. அல்தாய்லயே பசிரிக்ங்கற இடத்துல கொள்ளைக்காரங்க வெட்டின ஓட்டை வழியா தண்ணி இறங்கி உறைஞ்சதாலதான் 1949ல சோவியத் தொல்லியல் ஆய்வாளர் ருடென்கோ கையில 2000 வருஷத்துக்கு மேல பழசான ஒரு கம்பளம் முழுசா கிடைச்சுது.