எச்-4 விசாவிலிருந்து எஃப்-1 விசாவுக்கு மாறிய ஆண்டின் வரிக் கணக்கு

என் மனைவி 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் இருந்தபடியே, வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினார். வரி மென்பொருளில் எஃப்-1 என்று குறித்ததுமே அது அவரை வரிக்குக் குடியிருக்காதவராகக் கொண்டு, அத்தகையவர்களுக்கான 1040-என்ஆர் படிவத்தை நீட்டியது. மாணவர்கள் அமெரிக்காவில் தங்கும் நாட்களை எண்ணுவதிலிருந்து ஐந்து ஆண்டு விலக்கு உண்டு என்பதையே கணக்காளரும் திரும்பச் சொன்னார். பல நாள் அலைச்சலுக்குப் பிறகு, நாட்களை நாங்களே எண்ணியதில்தான் வழி பிறந்தது.

மாணவராக இருந்த நாட்களுக்கு மட்டுமே அந்த விலக்கு. எச்-4 நாட்கள் அனைத்தும் கணக்கில் சேரும். நடப்பு ஆண்டில் குறைந்தது 31 நாட்களும், அவற்றோடு முந்தைய ஆண்டின் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு முந்தைய ஆண்டின் ஆறில் ஒரு பங்கும் சேர்த்து 183 நாட்களும் இருந்தால் அவர் வரிக்குக் குடியிருப்பவர். 2022, 2023 முழுவதும் இங்கேயே இருந்தவருக்கு அவ்விரு ஆண்டுகளே 182.5 நாட்களைத் தந்துவிடுகின்றன. ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான எச்-4 நாட்களே தாராளமாகப் போதுமானவை. கடவுச்சீட்டில் பழைய எச்-4 முத்திரையே இருப்பதால், மாறிய தேதியை, விசா மாற்றத்துக்கான ஒப்புதல் கடிதத்தின் அடிப்பகுதியில் உள்ள ஐ-94 என்ற தங்கும் அனுமதிப் பதிவுத் துண்டில்தான் பார்க்க வேண்டும்.

எனவே இருவரும் குடியிருப்பவர்களுக்கான 1040 படிவத்தில் கூட்டாகத் தாக்கல் செய்தோம். 2025-இல் எச்-4 நாள் ஒன்றுகூட இல்லாததால் அவர் வரிக்குக் குடியிருக்காதவராகிறார்; அவ்வாண்டுக்குக் கூட்டாகத் தாக்கல் செய்ய, அவரையும் குடியிருப்பவராகக் கொள்ளுமாறு இருவரும் கையொப்பமிட்ட தெரிவு அறிக்கையை இணைக்க வேண்டும்.