மார்புக்கு அடியில் புண்ணாகாமல் பிரா அணிய

மார்பைத் தூக்கிப் பிடிப்பது பிராவின் தோள்மேல் வரும் பட்டை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி எடையைத் தாங்க வேண்டியது உடம்பைச் சுற்றிவரும் அடிப்பட்டை. மூச்சை வெளியே விட்டு, மார்புக்கு நேர் கீழே இஞ்ச் டேப்பை இறுக்கமாக, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் சுற்றி அளந்துகொள்ளுங்கள்.

புது பிராவை மிகத் தளர்வான கொக்கியில் மாட்டிப் பாருங்கள். எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிகளுக்கு மாறலாம். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைந்தால் சரி. முதுகில் மேலே ஏறினால் பட்டை பெரிது. அளவில் எண் பட்டையையும் எழுத்து கப்பையும் குறிக்கும். 36பி-யில் கப் பொருந்தி, பட்டை மட்டும் தளர்வாக இருந்தால் 34பி வாங்காதீர்கள்; 34சி வாங்குங்கள். பட்டை ஓர் அளவு குறையும்போது கப் எழுத்து ஒன்று கூட வேண்டும், இல்லாவிட்டால் மார்பு பிதுங்கும். கம்பி வைத்ததென்றால், அது மார்பின் மடிப்பிலேயே படிய வேண்டும். சதைமேல் ஏறி அழுத்தினால் கப் சிறியது.

புண்ணுக்குக் காரணம் வியர்வை, உராய்வு, காற்றுப் படாத மடிப்பு. குளித்ததும் மார்பைத் தூக்கி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே பிரா போடுங்கள். வியர்வையில் நனைந்ததை மாற்றிவிடுங்கள். உராயும் இடத்தில் துத்தநாக ஆக்சைடு களிம்பு மெல்லியதாகப் போதும். சிவந்த திட்டைச் சுற்றிச் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தானாக வாங்கிப் பூச வேண்டாம், தொற்று பரவும். மருத்துவரிடம் காட்டுங்கள்.