மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது? க்யூஆர் லேபிள் ஒட்டும் முறை

பெட்டிகள் பத்தைத் தாண்டிவிட்டால், "அந்த எக்ஸ்டென்ஷன் ஒயர் எதுல இருக்கு?" என்ற கேள்விக்கு மூன்று பெட்டியையாவது இறக்கிப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைக்கலாம். உள்ளே இருப்பது மாற மாற அடித்துத் திருத்தி, கடைசியில் ஒன்றும் படிக்க முடியாது. இந்த முறையில் பெட்டி மேல் ஒட்டுவது என்றைக்கும் மாறாத ஒரு க்யூஆர் கோடு. மாறுகிற பட்டியல் கூகுள் டாக்ஸில் இருக்கும். ஃபோன் கேமராவைக் காட்டினால் திறந்துவிடும்.

டாக்ஸில் கோப்பு உருவாக்க, படம் சேர்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. எண் போடுங்கள்

பெட்டி 01, 02 என்று வெறும் எண் போதும். "மின்சாமான்", "பழைய நோட்டு" என்று பெயர் வைத்தால் ஆறே மாதத்தில் மின்சாமான் பெட்டியில் குடை இருக்கும். எண்ணைக் கோடுக்குப் பக்கத்திலேயே பெரிதாக அச்சிட வேண்டும். ஃபோனில் சார்ஜ் இல்லாதபோது அதுதான் கை கொடுக்கும்.

2. பெட்டிக்கு ஒரு கோப்பு

எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து ஒரே விரிதாள் போடலாமே என்று தோன்றும். கணினியில் பார்க்க அது அழகுதான். ஃபோனில் கட்டங்களை இழுத்து இழுத்துப் பார்ப்பது சள்ளை. என் ஓட்டு பெட்டிக்கு ஒரு டாக்ஸ் கோப்பு. தலைப்பு "பெட்டி 07", கீழே பொருட்கள் வரிக்கு ஒன்று, மூடுவதற்கு முன் மேலிருந்து எடுத்த ஒரு படம்.

கடைசி வரியாகத் தேடுசொற்கள் எழுதுங்கள். நீங்கள் "ஒயர்" என்று எழுதியிருப்பீர்கள், வீட்டில் இன்னொருவர் "வயர்" என்று தேடுவார், மூன்றாமவர் "கம்பி" என்பார். மூன்றையும் போட்டு வைத்தால் கூகுள் டிரைவின் (டாக்ஸ் கோப்புகள் சேரும் இடம்) தேடல் பெட்டியில் எதை அடித்தாலும் கோப்பு சிக்கும்.

பகிர்வில், கோப்பை உங்கள் கணக்கோடு மட்டும் பூட்டி வைத்தால் மற்றவர்கள் ஸ்கேன் செய்யும்போது அனுமதி கேட்டுத்தான் நிற்கும். வீட்டாரின் மின்னஞ்சலைச் சேர்த்துத் திருத்தும் உரிமை கொடுப்பது நல்லது. இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டால், பெட்டியைப் படம் எடுத்தவரும் உள்ளே இருப்பதைப் படிப்பார்.

3. கோடுக்குள் எதைப் போடுவது (சிக்கலெல்லாம் இங்கேதான்)

"இணைப்பு எதற்கு? பட்டியலையே கோடுக்குள் தமிழில் போட்டுவிட்டால் இணையமே வேண்டாமே" என்று பலரும் யோசிப்பார்கள். போடலாம். ஆனால் கோடு பொடிப்பொடியாகி ஃபோன் திணறும். காரணம் இது: யூனிகோடு தமிழில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை) ஒவ்வொரு குறியும் 3 பைட் இடம் எடுக்கும். கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். "பெட்டி" என்று கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஆறு குறிகள், 18 பைட். பத்துப் பன்னிரண்டு வரிப் பட்டியல் 500 பைட்டைச் சாதாரணமாகத் தொடும். அந்த அளவுக்குக் கோடு, விளிம்புக்கு 85 கட்டமாக (கோடில் தெரியும் சின்னச் சின்னச் சதுரங்கள்) வளரும். 3 செ.மீ. லேபிளில் ஒரு கட்டம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். மங்கிய வெளிச்சத்தில் படிக்காது.

டாக்ஸ் கோப்பின் முகவரி ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்தது. ஒன்றுக்கு ஒரு பைட். கேள்விக்குறியும் அதற்குப் பின்னால் தொங்கும் வாலும் தேவையில்லை, வெட்டிவிடுங்கள். மிஞ்சுவது 80 சொச்சம் எழுத்து. கோடு 37 கட்டத்தில் அடங்கும். அதே 3 செ.மீ.யில் ஒரு கட்டம் இரு மடங்கு பெரிது.

அடுத்தது, கோடு உருவாக்கும் கருவி. இணையத்தில் இலவசம் என்று வருகிற தளங்கள் பல "டைனமிக்" கோடு தருகின்றன. கோடுக்குள் இருப்பது அவர்களுடைய முகவரி. அங்கே போய்த்தான் உங்கள் கோப்புக்குத் திரும்பும். சோதனைக் காலம் முடிந்து அவர்கள் கணக்கை நிறுத்தினால் ஒட்டிய அத்தனை லேபிளும் செத்துப்போகும். கண்டுபிடிப்பது சுலபம்: ஸ்கேன் செய்ததும் திறப்பதற்கு முன் ஃபோன் காட்டுகிற முகவரியைப் பாருங்கள். கூகுள் டாக்ஸ் முகவரி நேரடியாகத் தெரிய வேண்டும்.

என் தேர்வு லிப்ரெஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள். 6.4 பதிப்பிலிருந்து கோடு உருவாக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. புதிய பதிப்புகளில் இன்செர்ட் மெனுவில் ஓஎல்இ ஆப்ஜெக்ட் என்பதற்குக் கீழே பார்க்கலாம். இணையம் வேண்டாம், காலாவதி கிடையாது, லேபிள் தாளையும் அங்கேயே அடுக்கலாம். ஒன்றிரண்டு கோடுக்கு குரோம் உலாவியின் பகிர்வு மெனுவே போதும். நடுவில் டைனோசர் உட்கார்ந்திருக்கும், ஸ்கேனுக்கு அது இடைஞ்சல் இல்லை.

லிப்ரெஆஃபீஸ் இரண்டு விஷயம் கேட்கும். பிழை தாங்கும் அளவு, அதாவது கோடில் எவ்வளவு சேதமானாலும் படிக்கும் என்பது: லோ 7%, மீடியம் 15%, குவார்ட்டைல் 25%, ஹை 30%. அதிகம் தாங்கினால் நல்லதுதானே என்று ஹை போடாதீர்கள். மேலே சொன்ன முகவரிக்கு மீடியத்தில் 37 கட்டம் என்றால் ஹையில் 49. சேதம் தாங்குவதற்காகக் கட்டத்தைச் சிறிதாக்கிக்கொள்கிறோம். வீட்டுக்குள் மீடியம், ஈரமும் உராய்வும் உள்ள இடத்தில் குவார்ட்டைல். இரண்டாவது, பார்டர்: 4 கொடுங்கள். கோடைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் இருக்க வேண்டும் என்பது தரநிலை. அழகுக்காகக் கோடை ஒட்டிக் கறுப்புச் சட்டம் போட்டால் கேமரா விளிம்பைத் தேடித் தவிக்கும்.

4. அச்சு, ஒட்டல்

தோராயக் கணக்கு: கோடின் அகலத்தைப் போல் பத்து மடங்கு தூரத்திலிருந்து படிக்கும். 3 செ.மீ. கோடுக்கு 30 செ.மீ. அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை எடுத்துவிட்டு 100% வையுங்கள். இல்லையென்றால் லேபிள் தாளின் வெட்டுக்கோடும் அச்சும் வரிசைக்கு வரிசை விலகிக்கொண்டே போகும். இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கரையும். மேலே ஒட்டும் டேப் பளபளப்பாக இருந்தால் ஃபோனின் ஃபிளாஷ் அதில் எதிரொளித்துக் கோடு மறையும். பளபளப்பில்லாத மேட் டேப் வாங்குங்கள்.

மூடியில் ஒட்ட வேண்டாம், பக்கவாட்டில் ஒட்டுங்கள். மேலே இன்னொரு பெட்டி ஏறினால் மூடி தெரியாது.

பரண் மேலிருக்கும் பெட்டிக்கு இந்தத் தூரக் கணக்கு ஒத்துவராது. அதற்கு எல்லாக் கோடுகளையும் எண்ணோடு ஒரே ஏ4 தாளில் அச்சிட்டு, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அங்கே ஸ்கேன் செய்து எந்த எண் என்று தெரிந்துகொண்டு, பிறகு ஏணி எடுக்கலாம்.

பாடப்புத்தகத்துக்கும் இதே வழி

கடினமான பத்தியை வாசித்துப் பதிவு செய்து, ஒலிக்கோப்பின் இணைப்பைக் கோடாக்கிப் பக்க ஓரத்தில் ஒட்டலாம். கையில் பிடித்துப் பார்ப்பதால் 2 செ.மீ. போதும். தமிழ் விக்கிப்பீடியா பக்கத்துக்கு இணைப்பு கொடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். முகவரியை நகலெடுத்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். "ஒளிச்சேர்க்கை" என்ற ஒரே தலைப்பு 117 எழுத்தாகும். விக்கிப்பீடியாவின் கருவிகள் பட்டியலில் முகவரியைச் சுருக்கும் வசதி இருக்கிறது. விக்கிமீடியாவே நடத்துவது, அதைத் தாராளமாக நம்பலாம்.

பின்சேர்க்கை: செய்து பார்த்தவர்கள் கேட்டதிலிருந்து இரண்டு. லேபிள் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால், யாராவது கோப்பை நகலெடுத்துவிட்டுப் பழையதை அழித்திருப்பார்கள். நகலுக்கு முகவரி வேறு. டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளுங்கள். பெட்டி காலியானாலும் கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுங்கள். இன்னொன்று, கறுப்புப் பெட்டியில் வெள்ளைக் கோடு. சில ஃபோன் படிக்கும், சில படிக்காது. வெள்ளை லேபிளில் கறுப்புக் கோடு அச்சிட்டு ஒட்டுவதுதான் வழி.