கடவுச்சொல் சரி, ஆனாலும் கதவு திறக்கவில்லை: தண்டர்பேர்டில் ஜிமெயில்

வெகுநாள் தொடாமல் கிடந்த மேசைக்கணினியில், ஜிமெயில் கடிதங்களைப் படிக்கவும் அனுப்பவும் நான் வைத்திருக்கும் அஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டைத் திறந்தேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். மறுபடியும் கேட்டது. ஜிமெயில் கடவுச்சொல்லையே இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். அதனால் கிடைத்த ஒரே பலன், கைப்பேசியும் என்னை வெளியே தள்ளியதுதான். மூன்று மாலைகளை இதில் தொலைத்தேன். உங்களுக்கு அரைமணி நேரம் போதும்.

1. உலாவியில் நுழைந்து பாருங்கள். அதே முகவரி, அதே கடவுச்சொல். அங்கே அஞ்சல் பெட்டி திறந்தால் கடவுச்சொல்லில் குற்றமில்லை. இனி அதைத் தொடாதீர்கள்.

2. கணினியின் தேதியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். பழைய கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் நிற்கும்போதும் தேதி பல வருடங்கள் பின்னே போய்விடும். அப்போது அஞ்சல் சர்வர் (கடிதங்களைக் கையாளும் கூகுளின் கணினி) தன்னை அடையாளம் காட்டத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் 'இன்னும் நடைமுறைக்கு வராத' ஒன்றாகத் தெரியும், இணைப்பு முறியும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது.

3. நுழையும் முறையை மாற்றுங்கள். என் வழக்கில் நோயின் மூலம் இதுதான். 2022 மே 30 முதல், வெறும் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்து வெளி மென்பொருள்கள் தனிநபர் ஜிமெயில் கணக்குக்குள் நுழைவதை கூகுள் நிறுத்திவிட்டது. என் தண்டர்பேர்டு அந்தச் செய்தி தெரியாமல் பழைய வழியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. புதிய வழியின் பெயர் ஓஆத்2. வீட்டுச் சாவியை வேலையாளிடம் கொடுக்காமல், காவலாளி கையால் அவருக்கு ஓர் அனுமதிச் சீட்டு வாங்கித் தருவது போன்றது. கடவுச்சொல்லை கூகுளின் பக்கத்தில் தட்டுகிறீர்கள். மென்பொருளுக்குக் கிடைப்பது சீட்டு மட்டுமே.

மெனுவில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து, உங்கள் முகவரிக்குக் கீழே உள்ள 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். ஐமேப் முறை (கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும்) என்றால் போர்ட், அதாவது சர்வரின் வாசல் எண், 993. இணைப்பை மறைகுறியாக்கும் பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'நார்மல் பாஸ்வேர்டு' இருக்கும். அதை 'ஓஆத்2' ஆக்குங்கள். அந்தத் தேர்வே பட்டியலில் இல்லையென்றால் உங்கள் தண்டர்பேர்டு கிழம். முதலில் புதிய பதிப்பை நிறுவுங்கள்.

4. பழைய கடவுச்சொற்களை அழியுங்கள். 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்'. அங்கே இந்தக் கணக்குக்குரிய வரிகளை மட்டும் நீக்கி, தண்டர்பேர்டை மூடித் திறந்தால் கூகுளின் நுழைவுச் சாளரம் எழும்பும்.

எனக்கு எழும்பியது வெள்ளைத் தாள். குக்கீகள் (இணையதளங்கள் நம்மை நினைவில் வைக்க இடும் சிறு குறிப்புகள்) எதற்கு என்று என்றோ ஒருநாள் நானே அதே பக்கத்தில் அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறேன். தண்டர்பேர்டுக்குள் திறப்பதும் ஒரு குட்டி உலாவிதான். குக்கீ இல்லாமல் அந்த நுழைவு நடக்காது. 'அக்செப்ட் குக்கீஸ் ஃப்ரம் சைட்ஸ்' என்பதில் டிக் போட்டேன், சாளரம் உயிர் பெற்றது.

5. அனுப்பும் சர்வரையும் மாற்றுங்கள். இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். நான்காம் படி முடிந்ததும் கடிதங்கள் மளமளவென்று வந்து இறங்கின. வேலை முடிந்தது என்று எழுந்து காபி போடப் போய்விட்டேன். திரும்பி வந்து ஒரு பதில் அனுப்பினால், மறுபடியும் 'கடவுச்சொல் தவறு'!

அஞ்சலைப் பெறுவது ஒரு சர்வர், அனுப்புவது வேறொன்று. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. அனுப்பும் சர்வரின் அமைப்பு உங்கள் கணக்கின் கீழே இருக்காது. இடப்பக்கப் பட்டியலின் அடிமட்டத்தில், எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாக, 'அவுட்கோயிங் சர்வர்' என்று ஒதுங்கிக் கிடக்கும். அதைச் சொடுக்கி, ஜிமெயில் வரியைத் தேர்ந்து 'எடிட்' செய்யுங்கள். இங்கேயும் ஓஆத்2. பயனர் பெயர் முழு முகவரியாக இருக்க வேண்டும். போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இந்த ஜோடியை மாற்றிப் போட்டால் இணைப்பு காத்துக் காத்து அறுந்துபோகும்.

இரண்டு கணக்குகள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முகவரியைச் சொடுக்கினால் வரும் முதல் பக்கத்தின் அடியில், அந்தக் கணக்கு எந்த சர்வர் வழியாக அனுப்புகிறது என்று இருக்கும். என் இரண்டாவது கணக்கு முதல் கணக்கின் சர்வரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

'கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்த யோசனை அறவே பிடிக்காது. பாப் முறையில் அஞ்சல்களைக் கணினியில் மட்டும் இறக்கி வைத்திருப்பவர், நீக்கும்போது தரவையும் அழிக்கும் பெட்டியில் டிக் போட்டுவிட்டால் பல வருடக் கடிதங்கள் போய்விடும். ஐமேப் ஆனாலும் முதலில், தண்டர்பேர்டு கடிதங்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் பிரொஃபைல் கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள்.

பின்சேர்க்கை: ஓஆத்2 தெரியாத பழைய மென்பொருளை விடமுடியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கினால் 16 எழுத்துள்ள 'ஆப் பாஸ்வேர்டு' உருவாக்கிக்கொள்ளலாம். வழக்கமான கடவுச்சொல்லின் இடத்தில் அதை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். எனக்கு இது இரண்டாம்பட்சம்தான்.

இன்னொரு பின்சேர்க்கை: அவரே இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார், மறுபடியும் நுழைய முடியவில்லையாம். இடையில் கூகுள் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். அப்படி மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாது, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சேவையான அவுட்லுக்.காம் முகவரி வைத்திருப்போரும் கேட்டிருந்தீர்கள்: 2024 செப்டம்பர் 16 முதல் அங்கேயும் வெறும் கடவுச்சொல் நுழைவு இல்லை. மேலே சொன்ன மூன்று, நான்கு, ஐந்தாம் படிகள்தான், அனுப்பும் போர்ட் மட்டும் 587.