சிங்கராஜ வனத்தில் பறவை பார்க்கவும் படமெடுக்கவும்: தாயகம் செல்லும் நண்பர் குழுக்களுக்கு

மூன்று கிழமை விடுமுறையில் ஊருக்குப் போனால் கலியாணம், கோயில், சொந்தக்காரர் வீடு என்று நாட்கள் பறந்துவிடும். நண்பர்களோடு காட்டுக்கென்று ஒதுக்கக் கிடைப்பது இரண்டு, மூன்று நாட்கள்தான். பறவைக்காக என்றால் அந்த நாட்களைச் சிங்கராஜ வனத்துக்குக் கொடுங்கள். யாலவிலும் வில்பத்துவிலும் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. இங்கே நடந்துதான் பார்க்க வேண்டும். இலங்கைக்கே உரிய பறவை இனங்கள் முப்பதுக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரவலயக் காடுகளில் வாழ்கின்றன. அந்தக் காடுகளில் மிஞ்சியிருக்கும் பெரிய துண்டு சிங்கராஜ. 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் காட்டில் பறவைக்குப் பஞ்சமில்லை, வெளிச்சத்துக்குத்தான் பஞ்சம். எந்த மாதம் போவது, எந்த லென்ஸைக் கொண்டுபோவது, எத்தனை பேர் போவது, எங்கே நிற்பது எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

எப்போது, எந்த வாயிலால்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை குறைவு, வலசை வந்த பறவைகளும் நிற்கும், உள்ளூர்ப் பறவைகள் இனப்பெருக்கத்துக்காகக் கூவத் தொடங்கியிருக்கும். மே முதல் ஜூலை வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது போய்க் கமராவை நனைப்பதில் பலனில்லை. நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆகஸ்டில் வருவோர், கொழும்புக்குத் திரும்பும் கடைசி நாட்களில் சிங்கராஜவைப் போட்டுக்கொள்ளலாம். ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் அப்போது இருக்கமாட்டா; இலங்கைக்கே உரியவை ஆண்டு முழுதும் இருக்கும். நத்தார் விடுமுறையில் வருவோர் டிசம்பர் கடைசிக் கிழமைக்குத் தள்ளிப்போடுவது நல்லது. எந்த மாதமானாலும் பிற்பகலில் மழை வரும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். போயா நாள், சனி, ஞாயிறு, சித்திரைப் புத்தாண்டு விடுமுறை ஆகியவற்றில் பாதை முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாக் கூட்டமும்தான்.

முதல் முறை போவோருக்குக் குடாவ வாயில். இரத்தினபுரி, கலவான, வெத்தாகல வழியாகப் போக வேண்டும். கொழும்பிலிருந்து நான்கு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். தெற்குக் கடற்கரையில் நிற்பவர்களுக்குத் தெனியாயப் பக்கம் கிட்ட. ஆனால் படமெடுக்கக் குடாவ மேல், அதற்குக் காரணம் உண்டு. எழுபதுகளில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இங்கே மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு எழுந்து 1977 அளவில் அது நின்றது. மரம் இழுக்கப் போட்ட அந்த ரோட்டுத்தான் இன்றைய பிரதான நடைபாதை. அகலமானது, பெரிய ஏற்றமில்லை, தலைக்கு மேலே வானம் தெரியும். காட்டுக்குள் வெளிச்சம் விழும் அரிய இடம் அது. முல்லவெல்ல, சிங்ககல போன்ற குன்றுப் பாதைகள் காட்சிக்கு அழகு, பறவைப் படத்துக்கு உதவா. நேரம் குறைவென்றால் அவற்றை விட்டுவிடுங்கள்.

இரண்டு இரவு தங்கி இரண்டு காலை நடக்க வேண்டும். ஒன்றை மழை எடுத்துக்கொண்டாலும் மற்றது மிஞ்சும். கொழும்பிலிருந்து விடியப் புறப்பட்டு அன்றே திரும்பும் பயணம் வீண். நீங்கள் போய்ச் சேரும்போது நல்ல நேரம் முடிந்திருக்கும். தங்குமிடத்தை வாயிலுக்குக் கிட்டவாகப் பிடித்து, காலைச் சாப்பாட்டைப் பொதியாகக் கட்டித்தரச் சொல்லுங்கள். முதல் நாள் இரவே சொல்லாவிட்டால் அது நடக்காது.

வாயிலில் வனத் திணைக்களத்தின் ரிக்கெற் எடுக்க வேண்டும்; வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ கையில் வைத்திருங்கள். வெறும் காசாகவும் கொஞ்சம் கொண்டுபோங்கள், அட்டை இயந்திரத்தை நம்ப வேண்டாம்.

வழிகாட்டியும் குழுவும்

வழிகாட்டிகள் பக்கத்துக் கிராமத்தவர்கள். தமிழ் பேசுபவர் கிடைப்பது அரிது, ஆனால் பறவைகளின் ஆங்கிலப் பெயர்கள் அவர்களுக்கு அத்துப்படி. முதல் நாள் மாலையே சந்தித்து, பறவைக்காகத்தான் வருகிறோம், மெதுவாக நடப்போம், நீர்வீழ்ச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் காட்டும் சுற்றைத்தான் காட்டுவார். சில சிங்களப் பெயர்கள் உதவும்: நீல வால்காக்கைக்குக் கெஹிபெல்லா, காட்டுக்கோழிக்கு வலிகுகுளா, ஆந்தைக்குப் பஸ்ஸா.

ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து. எட்டுப் பேர் வந்திருந்தால் இரண்டு வழிகாட்டிகளை அமர்த்தி, கால் மணி நேர இடைவெளி விட்டுப் போங்கள். ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நின்றால் முதல் இருவருக்கு மட்டுமே பறவை தெரியும், பின்னால் நிற்பவர் கழுத்தை நீட்ட, பறவை போய்விடும். கமரா வைத்திருப்பவர் முன்னே, தொலைநோக்கி வைத்திருப்பவர் பின்னே என்று முதலிலேயே பேசிக்கொண்டால் நட்புக்கும் நல்லது. பறவையில் ஆர்வமில்லாத நண்பர் ஒருவர் எப்படியும் இருப்பார். அவரைக் காலை நடைக்கு இழுக்காமல் நித்திரை கொள்ளவிட்டு, மதியம் ஓடைக்குக் கூட்டிப்போங்கள்.

உடுப்பு மங்கிய பச்சை அல்லது மண் நிறம். வெளிநாட்டுப் பறவைப் பிரியர்கள் போடும் இராணுவப் புள்ளிச் சட்டை, காற்சட்டைகளை இலங்கைக்குக் கொண்டுவரவே வேண்டாம். தேவையில்லாத விசாரணைக்கு அது போதும். ட்ரோனும் அப்படித்தான். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, காட்டுக்கு மேலே அதற்கு இடமேயில்லை.

கூட்டத்தைப் பிடிப்பது

சிங்கராஜவில் அரை மணி நேரம் ஒரு பறவையும் தெரியாமல் நடக்கலாம். பிறகு திடீரென்று மரமெல்லாம் அசையும். இங்கே பறவைகள் பல இனம் சேர்ந்த கூட்டமாக இரை தேடும். ஒரு கூட்டத்தில் சராசரியாக நாற்பது பறவைகள், பதினொரு, பன்னிரண்டு இனங்கள். நடுவில் கலகலத்தபடி போவது செம்மஞ்சள் அலகுச் சிலம்பன். காவல்காரன் கரிச்சான், பருந்து வந்தால் முதலில் கத்துவது அதுதான், மற்றப் பறவைகளின் குரலையும் அப்படியே எடுத்துவிடும். நிலத்தில் இலையைப் புரட்டிக்கொண்டு சாம்பல்தலைச் சிரிப்பான், நடுத்தட்டில் தீக்காக்கை, உச்சியில் செம்முக மல்கொஹாவும் நீல வால்காக்கையும் வெண்முக மைனாவும். அணில்களும் கூடவே வரும்.

செய்ய வேண்டியது இதுதான். சிலம்பன்களின் இடைவிடாத சலசலப்புக் கேட்டால் அதை நோக்கி ஓடாதீர்கள். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள், வழிகாட்டிக்கு அது உடனே தெரியும். அது பாதையைக் கடக்கப்போகும் இடத்துக்கு முந்திப் போய், ரோட்டு ஓரத்தில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி அசையாமல் நில்லுங்கள். பின்னால் துரத்தினால் வால்கள்தான் படத்தில் இருக்கும். கடைசிப் பறவை கடக்கும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள், மல்கொஹா பலமுறை பின்னால்தான் வரும். காலை ஏழரை முதல் பத்தரை வரை கூட்டங்கள் நன்றாக அசையும். நடுப்பகலில் அடங்கி, மூன்று மணிக்குப் பிறகு மழை இல்லாவிட்டால் மீண்டும் தொடங்கும்.

கூட்டம் வந்ததும் எல்லோரும் மல்கொஹாவைத் தேடி உச்சியைப் பார்ப்பார்கள். முதலில் சிலம்பனைப் படமெடுங்கள்; நிறைய இருக்கும், வெளிச்ச அளவு சரியா என்று அதிலேயே தெரிந்துவிடும். அடுத்தது தீக்காக்கை. ஒரே கிளையில் முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் அசையாமல் இருக்கும், பிறகு பூச்சிக்குப் பாயும். பொறுத்திருந்தால் திரும்பி அந்தச் சிவந்த வயிற்றைக் காட்டும். மல்கொஹா கொடி அடர்ந்த உச்சியில் பதுங்கிப் பதுங்கிப் போகும். அதன் பின்னாலே லென்ஸை அலையவிடாமல், அது அடுத்து வரக்கூடிய இலை இடைவெளியில் முன்கூட்டியே குவித்து வைத்துக் காத்திருங்கள். நீல வால்காக்கைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். வாயிலருகிலும் உள்ளே ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றியும் மனிதருக்குப் பழகியவை உண்டு. அதற்கு ரொட்டித் துண்டு போட்டுக் கிட்டக் கூப்பிடுவது மட்டும் வேண்டாம்.

கமரா

100–400 மி.மீ. அளவிலான சூம் லென்ஸ், அசைவுத் தடுப்போடு, கையில் பிடித்து எடுப்பது இந்தக் காட்டுக்குப் பொருத்தம். 600 மி.மீ. எஃப் 4 பெரிய லென்ஸ் மூன்று கிலோ அளவு வரும்; முக்காலியை விரிக்கும் நேரத்தில் கூட்டம் கடந்துவிடும். அதோடு அதன் மிகக் குறைந்த குவியத் தூரம் நான்கு மீற்றருக்கும் மேல். இங்கே காட்டுக்கோழி அதைவிடக் கிட்ட வரும்.

காலை ஒன்பது மணிக்குக்கூட இலைக்கூரைக்கு அடியில் எஃப் 5.6 திறப்பில் 1/250 வினாடி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 முதல் 6400 வரை போகும். பயப்படாமல் ஏற்றுங்கள். புள்ளி விழுந்த கூர்மையான படத்தைப் பிறகு திருத்தலாம், அசைந்து மங்கிய படத்துக்கு மருந்தில்லை. அசையாமல் இருக்கும் தீக்காக்கைக்கு 1/100 போதும். ஐந்தாறு படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்று கூராக வரும். ஜேபெக்காக இல்லாமல் ரா (RAW) கோப்பாக எடுங்கள். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட பறவைக்கு ஒளியளவை +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு நிழல்தான். கறுத்த இலைகளுக்கு நடுவே நீல வால்காக்கை என்றால் அரைப் படி இறக்குங்கள். அதன் அலகின் சிவப்பு சீக்கிரம் வெளிறிப்போகும். பறவைக் கண்ணைத் தானே தேடும் வசதி இலைக்காட்டில் அடிக்கடி இலையைப் பிடிக்கும். சிறிய ஒற்றைப் புள்ளிக்கு மாறிவிடுங்கள்.

தொலைநோக்கி 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.). 10×50 பாரம், கை நடுக்கமும் கூடத் தெரியும். பாரம் குறையட்டும் என்று 8×25 வாங்கினால் இருட்டில் ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 8×42 இல் 5 மி.மீ. அளவு, 8×25 இல் 3 மட்டுமே.

இந்த ஊரில் கமராவைக் கெடுப்பது மழையைவிட ஏசி. குளிரூட்டிய வேனிலிருந்து இறங்கி உடனே பையைத் திறந்தால் லென்ஸ் உள்ளும் புறமும் பனிக்கும். வாயிலுக்கு அரை மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள், பை மூடியபடியே இருக்கட்டும். அறையிலும் மின்விசிறியே போதும். மாலையில் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடும் பெட்டிக்குள் வையுங்கள். நுளம்பு மருந்தில் டீட் (DEET) என்ற இரசாயனம் இருந்தால் கமராவின் ரப்பர் பிடியையும் பிளாஸ்ரிக்கையும் அது இளக்கிவிடும். பூசிய கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். உதிரி லித்தியம் பற்றரிகள் விமானத்தில் கைப்பையில் மட்டும்.

அட்டையும் பாம்பும்

அட்டை கடிக்கும், கடித்தால் ஒன்றுமாகாது. நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலாக முழங்கால்வரை இழுத்துக் கட்டி, அதற்கு மேல் சப்பாத்தைப் போடுங்கள். சாதாரணக் காலுறையின் இழைக்குள்ளால் நுழைந்துவிடும். காலுறையில் சித்தாலேபத் தைலமோ சவர்க்காரமோ தேய்க்கலாம், மழையில் கழுவுப்பட்டதும் மறுபடி தேய்க்க வேண்டும். ஒட்டிவிட்டால் இழுக்காமல், மெல்லிய நுனியின் கீழ் நகத்தைக் கொடுத்து நகர்த்துங்கள். இரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும், அது வழக்கம். படமெடுக்கும் அவசரத்தில் பையை நிலத்தில் வைப்பதால்தான் அட்டை கழுத்துவரை வருகிறது.

பாம்பு வேறு கதை. பச்சை விரியன் இடுப்பளவு செடியிலும், கூன்மூக்கு விரியன் காய்ந்த இலைக்குள்ளும் அசையாமல் கிடக்கும். சமநிலைக்காகக் கிளையைப் பிடிக்காதீர்கள், பார்க்காமல் உட்காராதீர்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள்.

ஆந்தை, தவளைவாயன்

இந்தக் காட்டின் சின்ன ஆந்தை ஒன்று 1995 இல் குரலால் மட்டும் அறியப்பட்டு, 2001 இல் கண்ணில் பட்டு, 2004 இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அதுவும் தவளைவாயன் என்ற இரவுப் பறவையும் பகலில் உறங்கும் இடம் வழிகாட்டிகளுக்குத் தெரிந்திருக்கும். அங்கே ஒவ்வொருவராகப் போய், இரண்டு நிமிடம் நின்று, சத்தமில்லாமல் திரும்புங்கள். பிளாஷ் அடிக்கவே கூடாது. பறவை உடலை நீட்டிக் கண்ணைச் சிறிதாகத் திறந்தால் அது பயந்துவிட்டது, பின்வாங்க வேண்டும். கைபேசியில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிட வேண்டாம் என்று வழிகாட்டியிடம் நீங்களே சொல்லுங்கள். நல்ல படம் தந்தால் நல்ல சந்தோசக் காசு கிடைக்கும் என்றுதான் அவரும் அதைச் செய்கிறார், கேட்பவர் இல்லையென்றால் செய்யமாட்டார். உறங்குமிடத்தின் புள்ளியைப் படத்தோடு முகநூலில் போடாதீர்கள்.

வடக்கிலேயே நிற்பவர்களுக்கு

தெற்கே போக நாள் இல்லாதவர்கள் வன்னியின் உலர்காட்டு ஓரங்களில் விடியப் பார்க்கலாம். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆறுமணிக்குருவி யாழ்ப்பாணத்து வளவுகளுக்குள்ளேயே வரும். காலை, மாலை கருக்கலில் இரட்டைச் சீழ்க்கை கேட்கும், வேலியோரச் சருகில் தேடுங்கள். வன்னியில் சோலைப்பாடி, அரசவால் ஈப்பிடிப்பான், இருவாச்சி எல்லாம் உண்டு, வெளிச்சமும் தாராளம். ஆனால் ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்குமுன் அந்த ஊரவரைக் கேளுங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்கள் இருக்கின்றன, மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. கருக்கலில் யானையும் நடமாடும். இராணுவ முகாம் கண்ணில் படும் இடத்தில் நீண்ட லென்ஸைப் பையை விட்டு எடுக்காதீர்கள், மரத்தில் இருப்பது எந்தப் பறவையானாலும் சரி.