அகத்தியிலிருந்து பங்காரம்: பவளப்பாறையை முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கடலுக்குள் முதன்முறையாக முகம் புதைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் லட்சத்தீவின் பங்காரம். ஆழத்துக்குப் போகாமலே அங்கே பவளம் தெரியும். பழைய எரிமலை மெல்ல அமிழ்ந்துபோக, அதைச் சுற்றி வளர்ந்த பவளப்பாறை மட்டும் வளையமாக மிஞ்சியது என்பதுதான் இத்தகைய தீவுகள் பிறந்த கதை. வளையத்துக்கு வெளியே கடல் சடாரென்று ஆழ்கிறது. உள்ளே அலையடங்கிய, ஆழமில்லாத நீர்ப்பரப்பு; அதுதான் லகூன். ஸ்நார்கெலிங் (குழாயால் மூச்சுவிட்டபடி நீர்மேல் மிதந்து பார்ப்பது), ஸ்கூபா (காற்று உருளையோடு மூழ்குவது) இரண்டையும் லகூனுக்குள்ளேயே பழகுங்கள். வளையத்தின் வெளிச்சுவருக்கு அடுத்த பயணத்தில் போகலாம்.

1. புறப்படும் முன்

லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். அது கைக்கு வந்த பிறகே கொச்சியிலிருந்து அகத்தித் தீவுக்கு விமான டிக்கெட் எடுங்கள்; அங்கிருந்து பங்காரத்துக்குப் படகு. அக்டோபர் முதல் மே தொடக்கம் வரை ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காதுப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஸ்கூபாவுக்குப் பணம் கட்ட வேண்டாம். சளி பிடித்திருந்தால் அன்று ஸ்நார்கெலிங் மட்டும்.

2. படகில்

அகத்தியின் லகூனைத் தாண்டியதும் பங்காரத்தின் லகூன் வரும்வரை திறந்த கடல். குமட்டல் வருவது அங்கேதான். மாத்திரை போடுவதாக இருந்தால் படகு ஏறும் முன்பே போட்டுவிடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு பலனில்லை. காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். படகின் பின்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். முழுக்கை நீச்சல் சட்டையோடு, கணுக்கால் வரை இறங்கும் கால்சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். குப்புற மிதக்கும்போது வெயில் முதலில் சுடுவது முழங்காலின் பின்புறத்தை.

3. மாஸ்க்

கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கை, வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். கையை எடுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. உள்விளிம்பில் ஒற்றை மயிரிழை சிக்கினாலும் நீர் கசியும். மீசைக்காரர்கள் மூக்கை ஒட்டிய மேல்வரியை மட்டும் மெல்லிய கோடாக மழித்துக்கொண்டால் கசிவு பெரும்பாலும் நிற்கும். வாரை இறுக்கிக் கசிவை நிறுத்த முயலாதீர்கள்; விளிம்பு மடங்கி இன்னும் அதிகமாகக் கசியும். கண்ணாடியின் உட்புறத்தில் எச்சில் தடவி அலசினால் ஆவி படியாது.

4. மூச்சு

இடுப்பளவு நீரில், காலடியில் வெறும் மணல் இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டு, குழாயை வாயில் கவ்வி, முகத்தை நீரில் வைத்து, வாயால் மூச்சு விடுங்கள். முதல் சில மூச்சுகள் படபடவென்றுதான் வரும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். படபடப்பு தானாகத் தணியும். குழாய்க்குள் நீர் புகுந்தால் பலமாக ஊதித் தள்ளுங்கள். இதை வேண்டுமென்றே சில முறை செய்து பார்த்துவிட்டால் பிறகு அலை தெறித்தாலும் பதற மாட்டீர்கள். இந்தப் படி முடியாமல் அடுத்ததற்குப் போகவே கூடாது.

5. பவளத்தின் மேல்

களைத்தால் மல்லாந்து மிதந்திருங்கள், நிற்காதீர்கள். காலுக்குக் கீழே பாறை போலத் தெரிவது உயிருள்ள பவளம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி இங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. மீண்டும் துளிர்க்கும் கிளையை ஒரு மிதி முறித்துவிடும். அசையாமல் மிதந்தால் பச்சை ஆமை அருகிலேயே மூச்சுவிட மேலே வருவதைப் பார்க்கலாம். துரத்தினால் வாலைத்தான் பார்ப்பீர்கள். செத்த பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்துவராதீர்கள், சட்டப்படி குற்றம்.

6. ஸ்கூபா

சான்றிதழ் இல்லாதவர்களைப் பயிற்சியாளர் 12 மீட்டருக்குள் மட்டும் அழைத்துச் செல்வது வழக்கம். முதல் முறைக்கு அதில் பாதியே தாராளம். மூன்று விதிகள் போதும். மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள்: 10 மீட்டரில் இழுத்த காற்று மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியக்கூடும். வலிக்கும் வரை காத்திராமல், இறங்க ஆரம்பித்த உடனேயே மூக்கைப் பிடித்துக் காதுகளை மெல்ல ஊதித் திறந்துகொண்டே இறங்குங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் நீருக்கடியில் ‘மேலே போகலாம்’ என்று பொருள். எல்லாம் சரி என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுங்கள்.

7. விமானம்

அகத்தி விமானத் தளம் கடற்கரையை ஒட்டியே இருப்பதால், காலையில் ஸ்கூபா, மதியம் கொச்சி என்று திட்டம் போடத் தோன்றும். போடாதீர்கள். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழ்களாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். அதனால் ஸ்கூபாவை முந்தின நாளே முடித்துக்கொண்டு, கிளம்பும் நாள் காலையை லகூனில் ஸ்நார்கெலிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.