சோடா பிரெட்டும் சப்பாத்திக் கையும்: ஐரிஷ் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் ரொட்டிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். 17-ஆம் தேதி புனித பேட்ரிக் நாள், அயர்லாந்தில் 1903-லிருந்து பொது விடுமுறை. இங்கே ஐரிஷ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நம் பெண்கள், அந்த வீட்டு மருமகன்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் என்று ஆளாளுக்கு அன்றைக்கு வீட்டிலேயே பாட்டி காலத்துச் சாப்பாடு செய்துவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் வரும் படங்களில் பாதி, கல்யாணமான புதிதில் நான் சுட்ட அதே செங்கல். உப்பு கூடுவது, அடி பிடிப்பதெல்லாம் எந்தச் சமையலிலும் நடப்பது, அதை விட்டுவிடுகிறேன்.

மார்ச் 17-க்கு கார்ன்ட் பீஃப்

இது அமெரிக்க ஐரிஷ் வழக்கம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து கார்ன்ட் பீஃப் எனும் உப்பிட்ட மாட்டிறைச்சி கப்பல் கப்பலாகப் போனது. அதைச் செய்த ஊர் ஏழைக்கு அது கட்டுப்படியாகாது. நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் யூதக் கசாப்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்த நெஞ்சுக்கறியை வாங்கி முட்டைக்கோஸோடு வேகவைத்தார்கள். உங்கள் வீட்டுக்காரரின் குடும்பம் பாஸ்டன் வழியாக வந்தது என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அதுவும் பாரம்பரியம்தான். அயர்லாந்தின் மேயோவிலிருந்து வரும் மாமியார் முன்னால் வைத்து "உங்க ஊர் சாப்பாடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அயர்லாந்தில் செய்வது பேக்கனும் (உப்பிட்ட பன்றிக்கறி) முட்டைக்கோஸும். துண்டு போடாத முழு பேக்கனை முந்தின இரவே பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை இறக்கி, மெல்லக் கொதிக்கும் தண்ணீரில் வேகவிட்டு, கடைசியில் அதே தண்ணீரில் முட்டைக்கோஸைப் போட்டு எடுப்பார்கள். கூடவே பார்ஸ்லி போட்ட வெள்ளை சாஸ்.

சோடா பிரெட் மாவைப் பிசைந்து ஊறவைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான்.

நம் கைக்கு மாவைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. பத்து நிமிஷம் அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சப்பாத்திக்கு அது சரி. சோடா பிரெட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை, ஏனென்றால் இந்த ரொட்டியில் ஈஸ்ட் கிடையாது. மோரில் இருக்கும் புளிப்பும் ஆப்ப சோடாவும் சேர்ந்த அந்த நொடியே வாயு கிளம்ப ஆரம்பித்துவிடும், அது உங்களுக்காகக் காத்திருக்காது. நீங்கள் துணி போட்டு மூடிவிட்டு வேறு வேலை பார்க்கும் நேரத்தில் எழும்ப வேண்டியதெல்லாம் எழும்பி அடங்கிவிடும். அழுத்திப் பிசைந்ததில் மாவும் ரப்பராக இறுகியிருக்கும்.

ஐரிஷ்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் சோடாவைப் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் இதே மாவுதான். அந்த ஈரக் குளிரில் விளையும் கோதுமை மென்மையானது, ஈஸ்ட் ரொட்டிக்கு வேண்டிய இழுவை அதில் போதாது. வெண்ணெய் கடைந்த மோர் வீட்டிலேயே இருந்தது. ஓவன் இல்லாத வீடுகளில் கனமான இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடிமேல் டர்ஃப் (சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய எரிமண்) தணலைப் போட்டுச் சுட்டார்கள். அவசரத்துக்கென்றே பிறந்த ரொட்டி இது.

டப்ளினில் ஒரு தோழி, மாமனார் மாமியாரை முதல் தடவையாகச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கல் இயந்திரத்தில் அரைத்த மாவு, பண்ணை வெண்ணெய், ரொட்டியோடு வைக்கப் புகைபோட்ட சால்மன் என்று காசைப் பார்க்காமல் வாங்கியிருந்தாள். மாவை நன்றாகப் பிசைந்து மூடிவைத்துவிட்டு, வீட்டைப் பெருக்கி, குளித்து, புடவை கட்டிக்கொண்டு வந்து அப்புறம்தான் ஓவனையே போட்டாள். வெளியே வந்தது இரண்டு விரல் உயர ரொட்டி. மாமனார் அதன்மேல் வெண்ணெயை அப்பி டீயில் தள்ளி விழுங்கி "லவ்லி" என்றார், வேறென்ன சொல்வார் பாவம். சரி, அது போகட்டும். மறுநாள் போன் பண்ணி, "அக்கா, சோடாவை ரெண்டு மடங்கு போட்டா எழும்புமா?" என்று கேட்டாள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம். எல்லாரும் போய் விழுவது இந்த இரண்டாவது குழியில்தான். சோடா கூடினால் சோப்பு வாடைதான் வரும், உள்ளே மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழும். குறை சாமானில் இல்லை, கையிலும் கடிகாரத்திலும் இருக்கிறது.

முதலில் ஓவனை 230 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். 450 கிராம் மாவு, தலைதட்டி ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு. சோடாவைச் சலித்துப் போடுங்கள், கட்டி நின்றால் வாயில் கசக்கும். ஓவன் சூடான பிறகுதான் 350 முதல் 400 மில்லி மோர். விரல்களை விரித்து விறைப்பாக வைத்துக்கொண்டு கிண்ணத்தைச் சுற்றி ஒரு கலக்கு, அவ்வளவுதான். மாவு பிசுபிசுவென்று அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். சுமார் நாலு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டி, மேலே சிலுவையாக ஆழக் கீறி உள்ளே தள்ளுங்கள். தேவதைகளை வெளியே விடத்தான் அந்தக் கீறல் என்பார்கள், தடித்த நடுப்பகுதிவரை சூடு இறங்கவும் அது வேண்டும். 15 நிமிஷம் கழித்து 200-க்குக் குறைத்து இன்னும் அரைமணி நேரம். அடியில் தட்டினால் வெற்றுப்பானைச் சத்தம் வர வேண்டும்.

மோர்

தண்ணீர் கலந்து, கறிவேப்பிலை பெருங்காயம் போட்ட மோர் ஆகாது. ஏடு புளிக்கவைத்து வீட்டில் வெண்ணெய் எடுக்கிறவர்கள், தண்ணீர் சேர்ப்பதற்கு முந்தைய மோரை எடுத்துக்கொள்ளலாம், பழைய ஐரிஷ் மோரும் அதுவே. இல்லாவிட்டால் மூன்று பங்கு புளித்த தயிருக்கு ஒரு பங்கு பால்.

பேக்கிங் பவுடர்

அது வேறு. ஆப்ப சோடாதான் வேண்டும்.

ஸ்ட்யூவுக்கு எலும்பில்லாத கறி

ஐரிஷ் ஸ்ட்யூ ஆட்டுக்கறியில் செய்வது. தொடைக்கறிக்கு அதிகக் காசு கொடுக்காதீர்கள், மணிக்கணக்கில் கொதித்தால் நார்நாராகும். எலும்போடு கழுத்துக் கறி வாங்குங்கள். உருளைக்கிழங்கில் பாதியை மெல்லியதாக அரிந்து அடியில் போட்டால் அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், மீதியைப் பெரிதாக மேலே வையுங்கள். வெங்காயம், தண்ணீர், உப்பு, மிளகு, கொஞ்சம் தைம், தீர்ந்தது. கேரட் போடலாமா என்று ஐரிஷ்காரர்களே அடித்துக்கொள்கிறார்கள், அந்தச் சண்டையில் தலையிட வேண்டாம். நான் போடுவேன். இஞ்சி பூண்டு விழுது போட்டால் அது நல்ல குருமா.

குக்கர்

கறி வேகும், உருளைக்கிழங்கு காணாமல் போகும்.

கோல்கேனனை மிக்ஸியில் அடிப்பது

கோல்கேனன் என்பது கீரையோ முட்டைக்கோஸோ கலந்த உருளைக்கிழங்கு மசியல். மிக்ஸியில் அடித்தால் பசைதான் கிடைக்கும். ரூஸ்டர், கெர்ஸ் பிங்க் போல மாவாக உதிரும் கிழங்காகப் பார்த்து வாங்கி, வெந்ததும் நீரை வடித்து, ஆவி போகவிட்டு, கையால் மசியுங்கள். பாலைச் சூடாக்கி ஊற்ற வேண்டும். வேகவைத்த கேல் கீரை அல்லது முட்டைக்கோஸைச் சேர்த்து, நடுவில் குழி பறித்து வெண்ணெய். ஹாலோவீனுக்கு இதற்குள் மோதிரமும் காசும் ஒளித்து வைப்பது பழைய வழக்கம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்னாலேயே எச்சரித்துவிடுங்கள்.

உருளைக்கிழங்கு ஜோக்

உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து, அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். சாப்பாட்டு மேஜையில் அந்த ஜோக் வேண்டாம்.

பச்சைச் சாயம்

சாப்பாட்டில் கூடாது.

காடிலை வறுத்துச் செய்வது

டப்ளின் காடிலில் சாசேஜும் பேக்கனும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெறும் தண்ணீரில் வேகும். வெளிறித்தான் இருக்கும். அழகுக்காக சாசேஜைச் சிவக்க வறுத்தால் டப்ளின்காரர் முகம் சுளிப்பார். பக்கத்தில் சோடா பிரெட்டை வையுங்கள். அது மறுநாளே வறண்டுவிடும், மிஞ்சியதை அன்றைக்கே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து டோஸ்ட் பண்ணிச் சாப்பிடலாம்.